விளக்கு பொய் சொல்லுது

கார்களில் எரிகிற எச்சரிக்கை விளக்குகளில் பாதிக்கு மேல் பொய் சொல்பவை, ஐயா. உங்கள் காரிலும் ஏதாவது ஒன்று எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாவிட்டால் எஞ்சின் விளக்கு எரியும். உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி சோர்ந்துவிட்டால் பிரேக், ஸ்டீயரிங் என்று எல்லா விளக்குகளும் ஒன்றாக எரியும். பேட்டரியை மாற்றினால் அத்தனையும் அணைந்துவிடும்.

நான் அத்னான். இந்த அம்மான் நகரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், மெக்கானிக் இல்லை. வெளிநாட்டில் அடிபட்ட ஹைப்ரிட் கார்களை இறக்கி, தட்டி நிமிர்த்தி ஓட்டுகிற ஊர் நம்முடையது. என்னிடம் ஒரு ஸ்கேனர் இருக்கிறது, ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் கோளாறு போனில் தெரியும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் எங்கள் தெருக்காரர்கள் கார்களைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்துவார்கள். நான் கடையிலிருந்து கையுறை எடுத்துவந்து மாட்டிக்கொள்வேன். மனிதர்கள் தங்கள் காருக்குள் எவ்வளவு அழுக்காக வாழ்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் வண்டிகளைச் சோதனை போடுகிறவர்தானே.

அவர்களிலேயே மோசமானவன் ஃபவாஸ். என் தங்கை இந்திஸாரின் கணவன். சாக்கடல் கரையில் ஒரு ஹோட்டலுக்கு மீன் வாங்கிப் போடுகிற வேலை. தினமும் அந்த நீண்ட இறக்கத்தில் தனியாகத்தான் இறங்குவான். வழியெல்லாம் சூரியகாந்தி விதை கொறிப்பான். தோலைக் காலடியிலேயே துப்புவான். எச்சில் ஊறிய தோல் கியர் இடுக்கிலும் சீட்டின் மடிப்பிலும் ஒட்டிக்கிடக்கும். மீன் வாடையும் அதுவும் சேர்ந்தால் எனக்குக் குமட்டும். அந்தக் கையால்தான் என் வீட்டு மன்ஸஃப் தட்டில் கறிச்சோற்றை உருட்டுவான். நல்ல கறித்துண்டாகப் பார்த்துப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிடுவான், அது மரியாதையாம். நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

போன குளிர்காலத்தில் அவன் காரில் எல்லா விளக்கும் எரிந்தது. பேட்டரிதான். மாற்றச் சொன்னேன், அணைந்தது. தெருவே பார்க்க என்னைக் கட்டிப்பிடித்தான். "என் மச்சான் கை வெச்சா காரே அடங்கிடும்டா" என்று கத்தினான். கழுத்தில் அவன் எச்சில் பட்டது.

வசந்தத்தில் அதே விளக்குகள் மறுபடி எரிந்தன. இந்த முறை பேட்டரி புதிது. ஸ்கேனரைச் செருகினேன். பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கிற பம்ப் என்று வந்தது. யாரும் பிரேக்கைத் தொடாமலே அது உள்ளே உறுமிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட வண்டியில் ஒருநாள் பிரேக் மிதி கல்லாக இறுகிவிடும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

"பழைய கதைதானா மச்சான்?" என்று கேட்டான். பல்லிடுக்கில் தோல் தெரிந்தது.

"ஆமா, விளக்கு பொய் சொல்லுது" என்று சொல்லி, ஸ்கேனரால் அந்தக் கோளாறுப் பதிவை அழித்து விளக்கை அணைத்துவிட்டேன்.

அழித்தாலும் சில நாளில் திரும்ப வரும். ஒவ்வொரு வெள்ளியும் அவன் வந்தான், ஒவ்வொரு வெள்ளியும் அழித்தேன். நான் எதையும் கழற்றவில்லை, எதையும் வெட்டவில்லை. இந்திஸார் சின்ன வயதில் தலையணை உறையைத் தினமும் மாற்றுவாள். அவளை அந்த நாற்றத்திலிருந்து மீட்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் ஒருநாளும் என்னிடம் குறை சொன்னதில்லை. கூச்சப்பட்டிருப்பாள்.

லாரியில் மோதியது உங்களுக்குத் தெரியும். இறக்கத்தின் கடைசித் திருப்பத்தில், தக்காளி ஏற்றிய லாரி. அன்றைக்கு அவனுக்கு விடுமுறை, கடலைக் காட்ட அவளை அழைத்துப்போயிருக்கிறான். அவள் உட்கார்ந்திருந்த பக்கம் நசுங்கியது. அவனுக்குக் கை மட்டும் முறிந்தது.

துக்கம் விசாரிக்கிற கூடாரத்தில் என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதான். "நீ சரியாத்தான் சொன்னே மச்சான். நான்தான் ஒழுங்கா மிதிக்கல. என் இந்திஸாரை நானே கொன்னுட்டேன்." மூக்குச்சளி என் சட்டையில் வழிந்தது. அந்தச் சட்டையைத் தூக்கிப்போட்டேன்.

அதன் பிறகு தினமும் மாலையில் என் வீட்டுக்கு வருகிறான். தனக்கு இனி நான்தான் உறவு என்கிறான். அழுகிறான், விதை கொறிக்கிறான், என் கம்பளத்தில் துப்புகிறான். இன்று வாசல் மணி அடித்தபோது பின்கதவு வழியாக நேரே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். சிறையிலாவது அவன் என் பக்கத்தில் உட்கார மாட்டான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன் பதிவுகளைப் பார்த்தால் தெரிந்துவிடும், நானே சொல்லிவிடுகிறேன். மோதுவதற்குச் சற்று முன்னால் இந்திஸார் கூப்பிட்டாள்.

"அண்ணா, மறுபடி அந்த விளக்கு எரியுது. மிதி கெட்டியா இருக்காம். வண்டிய ஓரங்கட்டட்டுமான்னு இவர் கேக்கறார்."

அவள் காரில் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நிறுத்தச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் போனில் ஒரு சத்தம் கேட்டது. அவளும் கொறித்துக்கொண்டிருந்தாள். கடித்தாள், நிதானமாகத் தோலைத் துப்பினாள், பிறகு சிரித்தாள். என் தங்கை. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன்.

"வேண்டாம், விளக்கு பொய் சொல்லுது. போங்க" என்றேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. என் தங்கைக்கு நான் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அன்றைக்குப் போனில் பேசியது என் தங்கையே இல்லை.