தண்ணீர் காத்திருக்க ஓர் இடம்

மேடையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, வரைபடப் பிரிவின் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, அவர்களுடைய அன்பு மகளே, கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் வலைக்காரர் தெருப் பெருமக்களே! அனைவருக்கும் வணக்கம்.

நான் இந்த நகராட்சியின் பொறியாளர். மழைநீர் வடிகாலைப் பற்றிப் பேசச் சொன்னால் ஒரு மணி நேரம் பேசுவேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். இன்று மறைந்த நம் அக்காவைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஆனால் வடிகாலை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எப்படிப் பேசுவது? இன்னொன்றும் உண்டு. சந்தைக்குப் பின்னால் இருக்கும் எட்டு ஏக்கர் பள்ளத்தை நிரப்பலாமா கூடாதா என்ற கோப்பு இரண்டு மாதமாக என் மேசையில் கிடந்தது. அதற்கும் இந்த மேடையில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தோரு ஆண்டுகள் இந்த ஊரின் ஒவ்வொரு வரைபடத்தையும் வரைந்தவர், நம் முதுநிலை வரைவாளர். ஊர் வைத்த பட்டம், முழங்கால் அக்கா. ஏன் அந்தப் பட்டம்? மழை விட்ட மறுநாள் ஒரு நோட்டையும் தையல் டேப்பையும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். தண்ணீர் எவ்வளவு வந்தது என்று நாங்கள் கேட்டால், "ஏகப்பட்டது" என்று பதில் வரும். அதை வைத்து ஓர் அங்குல வடிகால் கட்ட முடியுமா? அக்கா வேறு மாதிரிக் கேட்பார்: "கணுக்காலா, முழங்காலா, இடுப்பா?" முழங்கால் என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடுவாரா? அந்த ஆளின் முழங்காலை அளப்பார்! தபால்காரரின் முழங்காலும் தையல்காரம்மாவின் முழங்காலும் ஒரே உயரமா என்ன? ஒரு முறை மன்ற உறுப்பினர் ஒருவரையே கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நிற்க வைத்தார். யாரென்று சொல்ல மாட்டேன், மேடையில்தான் இருக்கிறார்.

அப்படிச் சேர்ந்தவை பதினேழு நோட்டுகள். மேட்டுத் தெருக்களில் பெய்யும் மழை எந்த வழியாக இறங்கி, எத்தனை மணி நேரத்தில் கடற்கரைக்கு வந்து சேர்கிறது என்பது அவற்றில் இருக்கிறது. இந்த ஊரின் மழைநீர்த் திட்டம் அந்த நோட்டுகளில்தான் பிறந்தது.

இனி என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். நான் வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு, வலைக்காரர் தெரு வழியாகக் கடலுக்கு ஒரு பெரிய வடிகால் திட்டமிட்டேன். கடல்மட்டத்தை நானே போய் அளந்தேன். அக்கா வரைந்துகொண்டே கேட்டார்: "கடல எத்தன மணிக்குப் பாத்தீங்க சார்?" கடலுக்கு என்ன ஆபீஸ் நேரமா என்று நான் சிரித்தேன். நான் பார்த்தது கடல் இறங்கியிருந்த காலை நேரம். வடிகால் கட்டி முடித்த பிறகு வந்த முதல் பெருமழை, கடல் ஏறியிருந்த நேரத்தில் பெய்தது. மழைநீரை வெளியே அனுப்பக் கட்டிய வடிகால், கடலை உள்ளே அழைத்து வந்தது! நாற்பத்திரண்டு வீடுகள் நனைந்தன.

யார் செய்த தவறு என்று மன்றக் கூட்டத்தில் கேட்டார்கள். அக்கா எழுந்தார். "வரைபடத்துல ரெண்டு கையெழுத்து இருக்கு. அதுல ஒண்ணு என்னுது" என்றார். எச்சரித்தவரே அவர்தான்! அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் இன்றுதான் சொல்கிறேன்.

அதோடு விட்டாரா? மறுநாள் என்னை நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அழைத்துப் போனார். ஒவ்வொரு வாசலிலும் நான் என் தவறைச் சொல்ல வேண்டும். அவர் பக்கத்தில் நிற்பார். அடி விழும் என்று பயந்தேன். தையல்காரம்மா மட்டும் சிரித்துவிட்டார். "தப்புன்னு வந்து சொன்ன மொத ஆபீசர் நீங்கதான். உள்ள வாங்க. செருப்ப வெளிய விடாதீங்க, மிதந்து போயிரும்" என்றார். இதோ, மூன்றாவது வரிசையில் இன்றும் சிரித்துக்கொண்டிருக்கிறார். அம்மா, உங்களுக்கும் நன்றி.

அதன் பிறகுதான் வடிகால் கடலில் சேரும் முனையில் கதவு வைத்தோம். கடல் ஏறினால் கதவு தானே மூடிக்கொள்ளும். சரி, கதவு மூடியபின் மேட்டிலிருந்து வரும் மழைநீர் எங்கே போகும்? கடல் இறங்கும்வரை அது காத்திருக்க ஓர் இடம் வேண்டுமே! பதினேழு நோட்டையும் விரித்துவைத்து அக்கா கண்டுபிடித்த இடம்தான் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பள்ளம். அதை நிரப்பக் கூடாது என்று திட்டத்தில் எழுத வைத்தவரும் அவரே. பார்க்கிறவருக்கு அது வெறும் தரிசு. ஆனால் பத்தொன்பது ஆண்டுகளாக வலைக்காரர் தெருவில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டவில்லை.

அந்தப் பள்ளத்தை நிரப்பி வணிக வளாகம் கட்ட வேண்டும் என்பது மன்றத்தில் பலருடைய விருப்பம். தலைவர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் விருப்பமும் அதுதான். ஆட்சேபணை இல்லை என்று நான் ஒரு வரி எழுதினால் போதும். எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது எதற்கு வம்பு?

அப்போதுதான் அக்காவை மருத்துவமனையில் பார்க்கப் போயிருந்தேன். "அந்தப் பள்ளத்துக்கு என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டார். "பாக்கலாம்க்கா" என்றேன். அலுவலகத்தில் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். அவ்வளவுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

திங்கட்கிழமை அவர் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை காலை அலுவலகத்துக்குப் போய், அந்தப் பள்ளத்தில் ஒரு கூடை மண்கூடக் கொட்டக் கூடாது என்று கோப்பில் எழுதிக் கையெழுத்திட்டேன். பதினேழு நோட்டுகளின் நகலையும் இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மன்றத்தில் யார் என்ன கேட்டாலும் நின்று பதில் சொல்வேன். அந்த நோட்டுகளைப் படிக்கத் தெரியாமல் என் நாற்காலிக்கு யாரும் வராதபடி பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. பொதுமக்கள் உட்காரவும் மன்றத்தில் நாற்காலிகள் உண்டு. வாருங்கள் என்று கைகூப்பி அழைக்கிறேன்.

அந்த வரியைச் சில நாள் முன்னால் எழுதியிருந்தால் அக்காவின் கையிலேயே கொடுத்திருப்பேன். பிந்திவிட்டேன். ஆகவே அவரிடம் சொல்ல வேண்டியதை அவர் கணவரிடமும் மகளிடமும் சொல்கிறேன்: நான் கூடாது என்று எழுதிவிட்டேன்.