மலருக்குச் சதை போட்டாச்சு

— அசையாத மலரு. போன தீபாவளிக்கு உருவி உருவி விழுந்த கொலுசு, இப்ப கொக்கி எட்ட மாட்டேங்குது பாரு.

— விடும்மா, வலிக்குது.

— வலிக்கட்டும். இருபத்தாறு வருஷமா இதுக்குத்தானே ஏங்குனேன். ராஜம்மா மவ நெஞ்சுல ஓட்டையோட பொறந்திருக்கு, ஊதுனா பறந்துரும்னு எஸ்டேட்டே பேசுச்சு. உங்கப்பா உன்னத் தூக்கிட்டுப் போயி ரப்பர் ஒட்டுப்பால் நிறுக்குற தராசுல ஒக்கார வப்பாரு. முள்ளு நவுறவே நவுறாது.

— ஆபரேஷன் பண்ணியும் ஏறலியே.

— எங்க ஏறுச்சு? முட்ட, மைலோ, ஆட்டுக்கால் சூப்பு, எதக் குடுத்தாலும் எலும்புதான் தெரிஞ்சிச்சு. அதான் மாரியாயிகிட்ட வேண்டிக்கிட்டேன், எம்புள்ளைக்கு ஒடம்பு வச்சா மாவிளக்குப் போடுறேன்னு. நேத்தே மாவு இடிச்சு வச்சுட்டேன். எந்திரி, சேலையக் கட்டு.

— இன்னிக்கு வேணாம்மா.

— மலாக்கா டவுனு சோறு ஒட்டியிருக்கு. அத சாமிகிட்ட சொல்ல வேணாமா?

— சோறே எறங்கலம்மா. ரெண்டு வாயிதான், வயிறு அடைச்சுக்குது.

— அப்புறம் எப்படி இடுப்பு இப்படி வந்துச்சாம்?

— இங்க வா. கட்ட வெரலால என் கணுக்கால அமுக்கு.

— எதுக்கு?

— அமுக்கு லா. ம்... இப்ப எடு. குழி அப்படியே நிக்குது பாத்தியா? இது சதை இல்லம்மா, நீரு. நெஞ்சுக்கு முடியல. படியேறுனா மூச்சு வாங்குது, படுக்க முடியல, ரெண்டு வாரமா ஒக்காந்துதான் தூங்குறேன். இதச் சொல்லத்தான் ஃபேக்டரில ரெண்டு நாளு சூட்டி போட்டுட்டு வந்தேன். நீ வாசல்லயே பாத்துச் சிரிச்சியா, வாயே வரல.

— திரும்பி ஒக்காரு. தலைய வாரி விடுறேன்.

— அம்மா, நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லியா?

— விழுந்துச்சு.

— கோவிலுக்கு நான் வரல. பொய்யா வெளக்குப் போட வேணாம்.

— கோவிலுக்கு யாரு போறா? விடியக்காலம் நீ செவுத்துல சாஞ்சு தூங்குனப்பவே கால அமுக்கிப் பாத்துட்டேன்டி. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்னு அப்பவே ரெம்பியா டவுனுக்கு ஆளனுப்பி, காளிமுத்து டாக்சிய வரச் சொல்லியாச்சு. அவன் வந்து சேர்ற வரைக்கும் சதைன்னே நெனச்சு உன்னக் கண்ணாரப் பாத்துக்கிறேன். இப்படித் திரும்பு.