காதுக்குப் பின்னால் ஒரு மச்சம்

ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் நூறு மில்லிமீட்டர் மேக்ரோவை வாங்கிக்கொள், கண்ணு. எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸும் முகத்துக்கு நல்லதுதான். ஆனால் ரொம்பக் கிட்டே போனால் அதற்குக் கண் தெரியாது. மேக்ரோ முகமும் எடுக்கும், எறும்பின் மீசையும் எடுக்கும். என்ன, தோலில் இருப்பதை ஒளிக்காமல் காட்டிவிடும். அதனால் என் ஸ்டுடியோவில் யாரும் அதன்முன் உட்கார ஆசைப்பட்டதில்லை, உன் அம்மாவைத் தவிர.

அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தும் வருஷத்துக்கு ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பாள். காதுக்குப் பின்னால் அந்த மச்சம் வந்த பிறகு மாதாமாதம் வந்தாள். அவள் கண்ணுக்கு எட்டாத இடம். கொஞ்சம் மாறினாலும் உடனே வரச் சொல்லியிருந்தார் டாக்டர்.

"என் கழுத்தையே உன்கிட்ட குடுத்திருக்கேன்டி. நல்லாப் பாத்துச் சொல்லு" என்பாள் சிரித்துக்கொண்டே.

மூச்சை அடக்கி உட்காரச் சொல்வேன். அவ்வளவு கிட்டத்தில் லேசாக அசைந்தாலும் ஃபோகஸ் போய்விடும். பிறகு போன மாதப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மாறவில்லை என்றால் நிம்மதியாக இன்னொரு டீ கேட்பாள். பொழுது சாயும்வரை பேசுவாள். அவள் குடித்த டம்ளரை நான் மறுநாள்வரை கழுவுவதில்லை.

ஐந்தாம் மாதம் மச்சத்தின் ஓரம் கலைந்திருந்தது. டாக்டர் வெட்டி எடுத்துவிட்டால் படம் எதற்கு, அவள் வருவது எதற்கு. அவள் முதன்முதலாக வந்த அன்று எடுத்த படம் ஒன்றைத் திரையில் வைத்தேன்.

"அப்படியேதான் இருக்குக்கா."

"உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்" என்றாள்.

அந்த முதல் தடவையே விதவிதமாகப் பன்னிரண்டு படம் எடுத்திருந்தேன். மாதத்துக்கு ஒன்றாகக் காட்டினேன். டாக்டரிடம் போகலாம் என்று நீ கூப்பிட்டபோதெல்லாம், உன் சித்தி பார்த்துக்கொள்கிறாள் என்று உன் வாயை அடைத்தாளாமே. ஒரு படம் மிச்சமிருந்தபோது வருவது நின்றது. புற்று நுரையீரல்வரை பரவிவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து நீதான் போன் செய்தாய்.

உண்மையான படங்கள் தேதிவாரியாக இந்த உறையில் இருக்கின்றன. போலீஸிடம் வேண்டுமானாலும் கொடு. என் லென்ஸையும் எடுத்துக்கொள், புதிதாக வாங்காதே. பழகுவதற்கு மாதம் ஒருமுறை வந்து போனால் போதும், கண்ணு. அம்மாவுக்கு வந்தது பிள்ளைக்கும் வரலாமாம். தலைமுடியைக் கொஞ்சம் ஒதுக்கு. நான் பார்த்துச் சொல்கிறேன்.