வற்றுநீரில் எரிந்த விளக்கு

காலை பத்து மணிக்குக் கூட்டம் வைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, சார். கடல் பத்து மணிக்கு வேலைக்கு வருவதில்லை.

கோல சிலாங்கூர் ஆற்றுமுகத்தில் ஒரு மிதக்கும் மேடை கட்டி, அதன் அடியில் விசிறி மாதிரி ஒரு சக்கரத்தைத் தொங்கவிட்டிருக்கிறோம். கடல் ஏறும்போதும் வற்றும்போதும் ஓடுகிற நீர் அதைச் சுற்றினால் மின்சாரம் வரும். மேடைக் கம்பத்தில் இருக்கும் பெரிய விளக்கு எரியும். இதற்காகத்தான் ரவாங் தொழிற்சாலையில் நல்ல சம்பளத்து வேலையை விட்டுவிட்டு வந்தேன்.

ஆனால் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாள்களில், நீர் பாதி வற்றும் நேரத்தில்தான் அதற்கு வேகம் போதும். இதை எத்தனை தடவை சொன்னாலும் பெரிய மனிதர்கள் நீர் அசையாமல் நிற்கும் நேரமாகப் பார்த்துத்தான் வருவார்கள். தேநீர் குடிப்பார்கள். அணைந்த விளக்கை அண்ணாந்து பார்ப்பார்கள். போய்விடுவார்கள்.

சாப்பாட்டுக் கடை சன்னாசி ஒரு நாள் எல்லார் முன்னாலும் கேட்டார். "என்ன சேது, கடல்ல கரண்ட் எடுக்கிறேன்னு சொன்னீங்க, என் ஹேண்ட்போனுக்காச்சும் சார்ஜ் போட்டுக் குடுங்க லா." கடையே சிரித்தது. நான் செய்தது தப்பான கணக்கு இல்லை, சார். அவர்கள் வந்ததுதான் தப்பான நேரம்.

லிங்கேஸ்வரன் என் தங்கை பிரமிளாவின் கணவன். ஈஜோக் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவனை நான்தான் இங்கே சேர்த்து, முக்குளிக்கப் பயிற்சிக்கு அனுப்பினேன். சக்கரத்தைத் தூக்கும் பாரந்தூக்கி பழுதாகி மாதக்கணக்காகிவிட்டது. கேட்டுக் கேட்டுச் சலித்துப்போனேன். அதனால் எது சிக்கினாலும் அவன்தான் கீழே இறங்குவான்.

அதற்கு ஒரு விதி உண்டு. இறங்குகிறவன் பிரேக் கைப்பிடியில் தன் பூட்டை மாட்டிவிட்டு, சாவியைத் தன்னோடு கொண்டுபோக வேண்டும். மேலே வந்து அவனே திறந்தால்தான் சக்கரம் சுற்றும். இரண்டு தடவை அவன் சாவி ஆற்றோடு போய்விட்டது. அப்புறம் என்னிடமே கொடுத்துவிட்டான்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் மச்சான். நீங்க மேல இருக்கும்போது எனக்கென்ன பயம் லா."

திட்டத்தை மூடுவதா, இன்னும் ஓர் ஆண்டு நடத்துவதா என்று முடிவு செய்ய வேண்டியவர் மேலிடத்து அதிகாரி அம்மா, புவான் ஃபரிடா. நான் சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வர அவர் ஒருவர்தான் ஒப்புக்கொண்டார். அன்று பார்த்துச் சக்கரத்தில் யாரோ விட்ட மீன்வலை சுற்றிக்கொண்டது. நீர் நின்றிருந்தபோதே லிங்கேஸ்வரன் இறங்கினான். அரை மணியில் வந்துவிடுவதாகச் சொன்னான். வரவில்லை. நீர் வற்றத் தொடங்கியது. புவானின் படகும் வந்துவிட்டது. எல்லாம் தயார் என்று அவரிடம் சொன்னேன்.

அவர் பொறுமையாகத்தான் நின்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். செகிஞ்சானில் மதியச் சாப்பாட்டுக்கு அவருக்காகக் காத்திருந்தார்கள். "பரவாயில்லை, நீங்கள் முயற்சி செய்தீர்கள்" என்று மலாயில் அன்பாகச் சொன்னார். அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்போது என் கையிலிருந்த கயிறு, லிங்கேஸ்வரன் இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கியது, இரண்டு முறை அசைந்தது. வலையை அறுத்துவிட்டேன், மேலே வருகிறேன் என்று அர்த்தம். நீரோ நான் இத்தனை மாதம் காத்திருந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. புவான் ஒரு காலைப் படகில் வைத்துவிட்டார்.

கீழே ஆள் இருக்கிறார், பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால், ஆள் இறங்கினால்தான் விளக்கு எரியுமா என்று கேட்டிருப்பார். நான் பூட்டைத் திறந்தேன். நீர்மட்டத்தில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. அது என்ன என்று கேட்டார். சேற்றில் இருக்கும் காற்று என்றேன். பிரேக்கை விட்டேன்.

சக்கரம் முதலில் திணறியது. விளக்கு எரிந்து ஒரு முறை மங்கியது. பிறகு சீராக எரிந்தது. புவான் கைதட்டினார். இன்னும் ஓர் ஆண்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார். அவர் படகு மறையும்வரை நான் பிரேக்கைப் போடவில்லை. பிரமிளா இரண்டு பொட்டலம் நாசி லெமாக் கட்டிக் கொடுத்திருந்தாள். என்னுடையதைச் சாப்பிட்டேன். வீணாகுமே என்று அவனுடையதையும் சாப்பிட்டேன். அதன் பிறகுதான் போலீசுக்குப் போன் போட்டு உங்களைக் கூப்பிட்டேன்.

ஆமாம், அவன் கீழே இருப்பது தெரிந்துதான் செய்தேன். அதை மறைக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். அவனை வெளியே எடுத்தபோது உங்கள் ஆட்கள் சக்கரத்தின் ஓர் இறக்கையை வளைத்துவிட்டார்கள். அமாவாசைக்குள் அதை நிமிர்த்தியாக வேண்டும். யாராவது ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும். அவரைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், சார். பிரேக்கை நான் பார்த்துக்கொள்கிறேன்.