பாலிப்புக்கு ஒரு நல்ல நாள்

எங்கள் வீட்டில் பீட்ரூட்டை யாரும் விரும்பிச் சாப்பிட்டதில்லை, டாக்டர். இந்த இரண்டு வருடமாகத்தான் வாரத்துக்கு நாலு நாள் பச்சடி வைக்கிறேன். ஏன் என்று கேட்டீர்கள். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு நாகர்கோவிலில் என் வீட்டுக்காரர் நாராயணபெருமாளுக்குக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அவர் மயக்கத்தில் கிடந்ததால் அங்கிருந்த டாக்டர் என்னிடம்தான் பேசினார். குடலின் உள்சுவரில் மரு மாதிரி மூன்று பாலிப். சின்னது இரண்டையும் அப்போதே கம்பி வளையம் போட்டு அறுத்து எடுத்துவிட்டார்கள். பெரியதை எடுக்க ஒரு மாதத்தில் வரச் சொன்னார்.

"இப்பம் இது கேன்சர் இல்லம்மா. அப்படியே விட்டா வருசக்கணக்குல மாறலாம்" என்றார். வருடக்கணக்கு என்று அவரே சொன்னபிறகு எனக்கு என்ன அவசரம்?

மகள் கிருஷ்ணப்ரியாவுக்குக் கொட்டாரத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம் அது. பெண்ணின் அப்பாவுக்குக் குடலில் ஏதோ வளர்கிறது என்று கேள்விப்பட்டால் சம்பந்தம் நிலைக்குமா? மயக்கம் தெளிந்தவரிடம், "வெறும் வாயுதான்னு சொல்லியாச்சு" என்றேன். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அரிசிப் பானைக்குள் போட்டேன்.

கல்யாணம் முடிந்ததும் கூட்டிப்போகலாம் என்றுதான் இருந்தேன். தலைப்பொங்கலுக்கு மகள் வீட்டுக்குச் சீர்ப் படி கொண்டு போக வேண்டியிருந்தது. பிறகு அவள் உண்டானாள். ஏழாம் மாதப் பலகாரத்தோடு பெண்ணின் அப்பா போய் நிற்காவிட்டால் ஊர் என்ன பேசும்? அப்புறம் பேரனுக்கு இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டு. இத்தனை நல்ல காரியத்துக்கு நடுவில் ஒரு மனிதனைப் பட்டினி போட்டு, பேதிக்குக் கொடுத்து, எப்படிக் கிடத்துவது?

தலைப்பொங்கல் கழிந்த ஒரு காலையில் கழிப்பறையிலிருந்து கூப்பிட்டார். "ஏட்டி, ரெத்தம் போவுது போல இருக்கே?"

முந்தின நாள் மகள் வீட்டு விருந்தில் பீட்ரூட் பச்சடி விளம்பியிருந்தார்கள். "பீட்ரூட் பச்சடில்லா தின்னிய, அப்பிடித்தான் செவப்பா இருக்கும்" என்றேன்.

நிம்மதியாகச் சிரித்தார். அந்த நிம்மதி கெடக்கூடாது என்று அந்த வாரத்திலிருந்து நானே வைக்க ஆரம்பித்தேன். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. அவர் உள்ளே போனால் நான் கதவுக்கு வெளியே நின்று சாமி கும்பிடுவேன். அவர் மட்டும் ஒரு நாள்கூடப் பயந்ததில்லை.

முற்றிவிட்டது, ஈரல்வரை போய்விட்டது என்கிறீர்கள். மறுக்கவில்லை. நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். ஆனால் வருகிற பதினொன்றாம் தேதி பேரனுக்குச் சோறூட்டு. முதல் உருண்டை தாத்தா கையால்தான் கொடுக்க வேண்டும். அதுவரை அவரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள், டாக்டர். பாவம், அந்த மனிதரைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.