முழங்காலில் இருந்த பயம்

மும்பையின் சுனாபட்டி நிலையத்தில், நான் இருந்த மின்ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறிய இருவரில் இளையவள் சிரித்தபடி சொன்னாள்: "என் பயம் முழங்கால்ல இருக்குன்னு கவுன்சிலிங் குடுக்கிற மேடம் சொல்றாங்க, மதினி."

"மனசுக்குத்தானே போன?"

"மனசையும் கேட்டாங்க. தூக்கம், சாப்பாடு, மூச்சு எல்லாம் கேட்டாங்க. அப்புறம் எந்திரிச்சு ரெண்டு காலையும் உதறச் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. அவங்களும் கூடச் சேந்து உதறுனாங்க."

"பெறவு?"

"அழுதுட்டேன். தாதர் ஸ்டேஷன் நெரிசல்ல விழுந்த பெறவு அன்னைக்குத்தான் அழுதேன். இப்பப் பாருங்க, எட்டு மாசம் கழிச்சு டிரெயின்ல நிக்கேன்."

மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சரி, எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல மதினி. சும்மா ஏறணும்னு தோணுச்சு."

மதினி முறைத்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. செம்பூரில் நான் இறங்கினேன். அவர்கள் இறங்கவில்லை.