நின்ற பிறகு ஏறும் சூடு

— இன்னொரு தடவ சொல்லுங்க சார். வெளாட்டுக் காரு மோட்டரு எதுக்குச் சூடாகுதுன்னு ஸ்டேஷன்ல கேட்டா, நான் என்னா சொல்லணும்?

— இது கடைக் கண்ணாடிக்குள்ளை வைக்கிற விளையாட்டுக் கார் இல்லை, தெரேசா. முழங்கை நீளம்தான், ஆனால் மோட்டர்சைக்கிளை முந்தும். அந்த வேகத்துக்கு மோட்டரிலை பெரிய பல்லுச்சில்லு போடவேணும். பெரிய சில்லு எண்டால் மோட்டருக்குப் பாரம் கூட. பாரம் கூடினால் கரண்ட் கூட இழுக்கும். பிறகு சூடாகாமல் என்ன செய்யும்?

— பல்லுச் சில்லு, பாரம், கரண்ட்டு. சரி. அதக் கொறைக்க எங்க வீட்டுக்காரரு என்னா செஞ்சாருன்னு கேப்பாங்க.

— கிறகரி ஒரு பல்லுக் குறைஞ்ச சில்லு மாத்தினவர். மேல்கூட்டிலை காத்துப் போய்வர முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டை வெட்டினவர். மோட்டரைச் சுத்தி அலுமினியத்திலை சீப்பு மாதிரி ஒரு கவசம் பூட்டினவர், அது சூட்டை இழுத்து வெளியிலை விடும். பிறகு, ஒரு ஓட்டம் முடிஞ்சால் மோட்டரிலை விரலை வைச்சுப் பாப்பார். வைச்ச விரலை எடுக்காமல் இருக்க ஏலுமெண்டால்தான் திரும்ப ஓட விடுவார்.

— அந்த வெரல்ல இப்ப நகம் இல்லங்க சார்.

— முருகா. என்ன பிள்ளை சொல்லுறீர்?

— பத்மா, நீ உள்ளுக்குப் போ.

— நான் போகேல்லை. இஞ்சை என்ன கதை நடக்குதெண்டு எனக்கும் தெரியவேணும். பிள்ளை, தேத்தண்ணியைக் குடியும். ஆறுது.

— இருக்கட்டுங்கம்மா. பொறகு குடிக்கிறேன்.

— அவரை எப்ப பாத்தனீர்?

— இன்னிக்குக் காலையிலதான் சார். பொலிஸ் வந்து அவரு ரிப்பேர் கடையச் சோதிச்சு அவரக் கூட்டிட்டுப் போனதுல இருந்து ஸ்டேஷன் வாசல்லயேதான் கெடக்குறேன். இன்னிக்கு உள்ள கூப்பிட்டாங்க. மேசை மேல ஒங்க கார வச்சிருந்தாங்க, பக்கத்துல ரிமோட்டு. அவரக் கீழ, செவத்தோரமா உக்கார வச்சிருந்தாங்க. என்னையப் பாத்து அழுவாதன்னு கண்ணாலயே சொன்னாரு.

— உம்மட்டை ஏதும் கேட்டவங்களே?

— இன்ஸ்பெக்டர் மாத்தயா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. மோட்டருக்கு ஒரு வயரு, காரு திரும்புறதுக்கு ஒரு வயரு. மூணாவதா ஒண்ணு நுனியில எதுவும் இல்லாமத் தொங்குதே, அதுல எதக் கட்டுவான் ஒம் புருசன்னு கேட்டாரு.

— விசிறியை. தீப்பெட்டியளவு விசிறி. மோட்டரைக் குளிரவைக்க.

— அதத்தான் அவரும் சொல்லியிருக்காரு. அப்ப விசிறி எங்கன்னு கேட்டாங்களாம்.

— அது இஞ்சை என்ரை மேசையிலை கிடக்கு. சுத்த மாட்டன் எண்டு இறுகிப் போச்சு. எண்ணெய் விட்டுப் பாப்பம் எண்டு நான்தான் கழட்டிக் கொண்டு வந்தனான்.

— தெரியும் சார். அவருக்கும் தெரியும். யாரு கழட்டுனதுன்னு கேட்டுத்தான் அடிச்சிருக்காங்க. ஒங்க பேரச் சொல்ல அவரு வாயே தொறக்கல.

— நல்ல மனிசன். நான் எப்பவும் சொல்லுறனான்.

— இஞ்சேருங்கோ, நல்ல மனிசன் எண்டு சொல்லிப்போட்டுக் கதிரையிலையே இருக்கப்போறியளோ?

— பொறு பத்மா. தெரேசா, விஷயத்தை வடிவா விளங்கிக் கொள்ளும். கார் ஓடேக்கை விசிறி தேவையில்லை. ஓடுற காத்தே போதும். கார் நிண்டாப் பிறகுதான் மோசம். காத்து நிண்டிடும், உள்ளுக்கை கிடக்கிற சூடு மேலை ஏறும். காந்தம் பலம் இழந்திடும். பிறகு அந்த மோட்டர் எறியிறதுக்குத்தான். அதாலை கார் மைதானத்தின்ரை அந்தக் கரையிலை நிண்டாலும், நாங்கள் நடந்து போய்ச் சேர முதல் விசிறி சுத்தத் தொடங்கவேணும். ரிமோட்டிலை மூண்டாவது பட்டன் சும்மாதானே கிடந்தது.

— இத யோசிச்சது நீங்களா, அவரா?

— நான்தான். அவருக்கு விருப்பமில்லை. சுவிச்சக் காருலயே வச்சிருவோம் சார், நமக்கு எதுக்கு வம்பு எண்டு நிண்டவர். நான் கேக்கேல்லை. நல்ல யோசனை, பிள்ளை. எங்கடை கார் ஓட்டுற கிளப்பிலை வேறை ஒருத்தருக்கும் வராத யோசனை. அதுக்குப் பிறகு ஒரு மோட்டர்கூட எரியேல்லை.

— காரு போயி ஒரு எடத்துல நிக்கும். நின்ன பொறகு தூரத்துல இருந்து பட்டன அமுக்குவீங்க.

— ஓம்.

— இத நான் எப்புடி சார் அவங்ககிட்ட சொல்லுவேன்? மாளிகாவை புத்தர் கோயில்ல குண்டு வெடிச்சு ஊரே இன்னும் நடுங்கிட்டுக் கெடக்கு. நின்ன காருல அமுக்குறதுக்கு என்னாடி இருக்குன்னு கேட்டா, விசிறின்னா சொல்றது?

— விசிறியைத் தாறன். கொண்டு போம். அந்த வயரிலை கொழுவிக் காட்டும். பொருத்தமா இருக்கும்.

— தேயிலக் கொழுந்து எடுக்குற கை சார் இது. நான் மாட்டுனா நம்புவாங்களா? இன்னிக்குக் கடையில வாங்கிட்டு வந்து நடிக்கிறேன்னு சொல்லுவாங்க. காரு சொந்தக்காரரு வரட்டும், அவரு கையால மாட்டி ஓட்டிக் காட்டட்டும், விட்டுர்றோம்னு மாத்தயா சொல்றாரு. நீங்க படிச்சவரு. சிங்களம், இங்கிலீசு எல்லாம் பேசுவீங்க. வந்து ஒரு வார்த்த சொல்லுங்க சார். ஒங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்.

— நீர் ஹந்தானையிலை பிறந்தனீர். உம்மடை அடையாள அட்டையிலை கண்டி எண்டு இருக்கு. என்ரையிலை வல்வெட்டித்துறை எண்டு இருக்கு, புலித் தலைவர் பிறந்த ஊர். அந்தப் பேரை வாசிச்சாப் பிறகு விசிறியைப் பற்றி ஒருத்தரும் கேக்கமாட்டாங்கள், பிள்ளை. அவரை விடுறதுக்குப் பதிலா ரண்டு பேரையும் சேர்த்துக் கட்டுவாங்கள்.

— எண்பத்து மூண்டுக் கலவரத்திலை எங்கடை அம்பிட்டிய வீட்டை எரிக்க வரேக்கை, எங்களைத் தோட்டத்து லயத்துக்குள்ளை படுக்கவைச்சு, வாசல்லை கத்தியோடை நிண்டது ஆர்? இவவின்ரை தேப்பன் இல்லையோ? அந்த மனிசன் உங்கடை அடையாள அட்டையையே கேட்டவர்?

— நான் மறக்கேல்லை, பத்மா.

— மறக்கேல்லையெண்டால் சேட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வெளிக்கிடுங்கோ.

— வெளிக்கிட்டால் நாளைக்கு நீ போய் ஸ்டேஷன் வாசல்லை கிடப்பாய். உனக்கு அவங்களோடை சிங்களத்திலை ஒரு சொல்லுக் கதைக்கத் தெரியுமோ?

— ஒங்க கிளப்புல ஒரு டொக்டர் மாத்தயா இருக்காரே சார். அவரு சொன்னா எடுபடுமே?

— காலமை போன் எடுத்தனான். அப்பிடி ஒரு காரைத் தான் கண்டதே இல்லையாம். போன ஞாயிறு என்ரை காருக்குப் பின்னாலை தன்ரை காரை விட்டுத் தோத்துப் போன மனிசன்.

— அப்ப அது யாருக்கும் தெரியாத காரு. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிஞ்ச காரு.

— கோவிக்காதையும். நல்ல லோயராப் பிடிச்சுத் தாறன்.

— லோயரு வந்து கார ஓட்டிக் காட்டுவாரா சார்? விடிஞ்சா அவரக் கொழும்புக்கு ஏத்துறாங்க. எங்க லயத்துப் பழனியாண்டிய இப்புடித்தான் ஏத்துனாங்க. அவன் பொண்டாட்டி ஸ்டேஷன் ஸ்டேஷனா அலைஞ்சு பாத்துட்டா. அப்புடி ஒரு ஆளே இல்லேன்னு சொல்றாங்க.

— நான் என்ன செய்ய, தெரேசா? எனக்குப் பயமாக் கிடக்கு. வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். ராத்திரியிலை நாய் குரைச்சால் எழும்பிக் கட்டில்லை குந்திக்கொண்டு இருக்கிறன். உமக்கு எல்லாம் விளக்கமாச் சொல்லித் தந்திட்டன். போய் நிதானமாச் சொல்லும். என்ரை பேரை மட்டும் எடுக்காதையும்.

— இந்த மனிசனைக் கட்டி இவ்வளவு காலம் இருந்திட்டன். இண்டைக்குத்தான் வெக்கமாக் கிடக்கு.

— அம்மா, சார ஏசாதீங்க. அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. சார், கடைசியா ஒரு தடவ நான் சொல்றேன், சரியான்னு பாருங்க. கனடாவுல இருந்து ஒங்க தம்பி அனுப்புன காரு.

— ஓம்.

— மூணாவது வயரு போடச் சொன்னது நீங்க. எங்க வீட்டுக்காரரு வேணாம்னாரு.

— ஓம், அப்பிடித்தான்.

— விசிறியக் கழட்டிட்டு வந்தது நீங்க. இப்ப ஒங்க மேசையில இருக்கு.

— எல்லாம் சரி. ஏன் பிள்ளை இவ்வளவு சத்தமாச் சொல்லுறீர்? அயலுக்கெல்லாம் கேக்கப் போகுது.

— கேக்கட்டும்னுதான் சார். நீங்களா வருவீங்கன்னுதான் இவ்வளவு நேரமும் கெஞ்சுனேன். தமிழ் தெரிஞ்ச ஒரு பொலிஸ்காரரோட இன்ஸ்பெக்டர் மாத்தயா ஒங்க வாசல்லதான் நிக்கிறாரு. கதவ நீங்களே தொறந்துருங்க, நான் தொறந்தா காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்.